வாஷிங் மெஷின் டிரம்மில் ஒரு குமுட்டி அடுப்பு

அக்கினி நட்சத்திரம் கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழரை மணிக்கு, வாழையிலையில் பொதிந்து சுட்ட ஜிலேபிக் கெண்டை ஒன்று தலையும் வாலும் உடையாமல் எங்கள் மொட்டை மாடியில் தட்டுக்கு வந்து சேர்ந்தது. முதல் முயற்சியிலிருந்து கணக்குப் பார்த்தால் அது ஆறாவது ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் ஒரு கத்திரிக்காய் வெடித்தது. ஒன்றரைக் கிலோ கோழி வெளியே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் போனது. மாடியில் பதித்திருந்த தட்டோடு (தட்டை ஓடு) ஒன்று விரிசல் விட்டது. பக்கத்து வீட்டு அக்கா காயப்போட்டிருந்த துணிகளில் புகை ஏறியது. இத்தனைக்கும் பிறகு, நானே செய்த கரியடுப்பு ஒருவழியாகச் சொன்னபடி கேட்பதால், அளவுகளும் செலவும் மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

எங்கள் வீடு மதுரையில் இருக்கிறது; அடுப்படி மேற்குச் சுவரை ஒட்டியது. மே மாதத்தில் பிற்பகல் முழுவதும் வெயிலை வாங்கிக்கொண்ட அந்தச் சுவர் இரவு ஒன்பது மணிக்கும் அனலடிக்கும். மாலை ஆறரைக்குக் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால் பத்தே நிமிடத்தில் சுவரில் மாட்டிய வெப்பமானி 40 டிகிரியைத் தொட்டுவிடும். பஞ்சாங்கப்படி மே 4 முதல் 28 வரை நீளும் கத்திரி வெயிலில் ஞாயிற்றுக்கிழமையாவது மாலைச் சமையலை மாடிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பதுதான் திட்டம். சோற்றைக் காலை ஏழு மணிக்கே வடித்து வைத்துவிடலாம். தயிர், நீர்மோர், வெள்ளரிப்பிஞ்சு, சின்ன வெங்காயம் ஆகியவை அடுப்பையே கேட்பதில்லை. மீதியைக் கரியில் சுட்டுக்கொண்டால் மாலையில் அடுப்படிப் பக்கமே போக வேண்டியதில்லை. கடையில் விற்கும் பார்பிக்யூ அடுப்புகளைப் போய்ப் பார்த்தேன். மூவாயிரம் ரூபாய்க்குக் காட்டியவற்றின் தகடு நகத்தால் சுண்டினாலே அதிர்ந்ததால், நாமே செய்துகொள்வோம் என்று திரும்பிவிட்டேன்.

முதல் ஞாயிறு மூன்று பக்கமும் இரண்டு வரிசைச் செங்கல் அடுக்கி, அதன்மேல் ஹார்டுவேர் கடையில் 180 ரூபாய்க்கு வாங்கிய இரண்டடிச் சதுர வெல்டு மெஷ்ஷைப் போட்டேன். கரியைப் பற்றவைக்க ஒரு டப்பா கற்பூரம் முழுவதும் செலவானது. கரி பிடித்துவிட்டது, ஆனால் சுட்ட மக்காச்சோளத்தில் கோயில் வாசனை அடித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். கரி நன்றாகக் கனன்றதும் கம்பிகளிலிருந்து மெல்லிய வெண்புகை கிளம்பி, பளபளவென்று இருந்த சாம்பல் நிறப் பூச்சு சுண்ணாம்புபோல் வெளுத்துப் பொடிந்ததைப் பார்த்தபோது ஏதோ சரியில்லை என்று தோன்றியதால், சோளத்தை அப்படியே ஒதுக்கிவிட்டேன். அதே நேரத்தில் அடியிலிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நெருப்புக்கும் தளத்துக்கும் நடுவே ஒன்றும் வைக்காமல் விட்டதால் தட்டோடு விரிந்துவிட்டது.

மறுநாள் அந்த மெஷ்ஷைத் தெருமுனை வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன். கையில் வாங்கக்கூட இல்லை, பார்த்தவுடனேயே பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். “அண்ணே, இது ஜி.ஐ. கம்பிண்ணே. துத்தநாகப் பூச்சு. நெருப்புல வச்சா பூச்சுதான் புகையும். அதைச் சுவாசிச்சுட்டு நாங்களே ராத்திரி குளிர்காய்ச்சல்ல கிடந்திருக்கோம்.” துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கிவிடும், காற்று பட்டுக் கனலும் கரியின் சூடு அதைச் சுலபமாகத் தாண்டும். உணவு படுகிற இடத்தில் ஜி.ஐ. மெஷ்ஷும் கோழிக்கூண்டு வலையும் வைக்கக் கூடாது என்ற இந்த ஒரு செய்தியை 180 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அவரிடமே 304 தரத் துருப்பிடிக்காத எஃகில், 6 மி.மீ. கம்பிகளை 15 மி.மீ. இடைவெளியில் வைத்து, 40 செ.மீ. விட்டத்தில் இரு கைப்பிடிகளோடு வட்டத் தட்டி ஒன்று செய்யச் சொன்னேன். கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 850 ரூபாய். மொத்தச் செலவில் இதுவே பெரியது. இதில் மிச்சம் பிடித்திருக்கக் கூடாது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அடுப்பின் உடலுக்குப் பழைய இரும்புக் கடையில் ஒரு முன்கதவு வாஷிங் மெஷினின் உள் டிரம் 450 ரூபாய்க்குக் கிடைத்தது. விட்டம் 47 செ.மீ., ஆழம் 30 செ.மீ., வாய் 36 செ.மீ. எல்லாம் துருப்பிடிக்காத எஃகுதான் என்று தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான் பின்புறத்தில் மூன்று கைகள் விரிந்த வார்ப்பு ஒன்று போல்ட் போட்டு இறுக்கியிருப்பதைக் கவனித்தேன். காந்தம் ஒட்டவில்லை, அரத்தால் சுரண்டினால் வெள்ளையாக உதிர்ந்தது, அலுமினியம். அது 660 டிகிரியில் உருகக்கூடியது என்பதால் நெருப்புக்கு அருகில் வைக்க மனம் வரவில்லை. மூன்று போல்ட்டுகளும் பல வருடச் சோப்புத் தண்ணீரில் இறுகிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் ஊறவைத்ததில் இரண்டு கழன்றன. மூன்றாவதன் தலையைக் கட்டிங் மெஷினால் சீவித்தான் எடுக்க முடிந்தது. உள்ளே துணியைப் புரட்டுவதற்காக வைத்திருக்கும் மூன்று பிளாஸ்டிக் துடுப்புகளை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். ஒரு துடுப்புக்குள்ளிருந்து ஐம்பது பைசா நாணயம் ஒன்று விழுந்தது.

இரண்டாவது ஞாயிறு, தளத்தில் மணல் பரப்பி அதன்மேல் செங்கல் வைத்து டிரம்மை நிறுத்தி, இரண்டரைக் கிலோ கரி போட்டேன். டிரம் முழுவதும் சல்லடைபோல் துளைகள் என்பதால் நன்றாகக் காற்று கிடைக்கும் என்று மகிழ்ந்திருந்தேன். காற்று கிடைத்தது. மேல்காற்று வீசத் தொடங்கியதும் கரி கொல்லன் உலைபோல் வெள்ளையாகக் கனன்று, நாற்பது நிமிடத்தில் சாம்பலானது. துளையிடாமல் வைத்த கத்திரிக்காய் அன்றுதான் வெடித்தது. சோளம் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நின்றது. மூன்றாவது ஞாயிறு, காற்று வரும் பக்கம் ஒரு பழைய தகரத்தைச் சாய்த்து வைத்துவிட்டால் போதும் என்று கோழியை வைத்தேன். அதன் கதியை மேலேயே சொல்லிவிட்டேன். சூட்டைக் கூட்டவும் வழியில்லை, குறைக்கவும் வழியில்லை. கரியை அள்ளிப் போடுவதும் பரிதாபமாகப் பார்ப்பதும்தான் என் கையில் இருந்தன.

அம்மா அதுவரை மாடிப் பக்கம் வரவில்லை. கருகிய கோழியின் வாசனைக்கு ஏறி வந்தவர், டிரம்மைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “இத்தனை ஓட்டை எதுக்குடா? குமுட்டி அடுப்புக்கு ஒரே ஒரு வாய்தானே இருக்கும்?” என்றார். சின்ன வயதில் எங்கள் வீட்டில் வென்னீர் போட ஒரு குமுட்டி அடுப்பு இருந்தது: இரும்பு வாளிக்குள் கனமாகக் களிமண் பூச்சு, நடுவில் கரி நிற்கக் கம்பித் தட்டு, அடியில் சாம்பல் அள்ளவும் விசிறவும் சதுரமாக ஒரு வாய். மண் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று அந்த ஒரு வாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வாயை அடைத்தால் நெருப்பு அடங்கும். நான் வாங்கி வைத்திருந்தது வாளிக்குப் பதிலாக ஒரு சல்லடை, அவ்வளவுதான். மண் பூசினால் துளைகளும் அடைபடும், பூச்சு பிடித்துக்கொள்ள அந்தத் துளைகளே பிடிமானமாகவும் ஆகும்.

விளாச்சேரியில் மண் பொம்மை செய்பவர் ஒருவரிடமிருந்து ஒரு சிமெண்ட் சாக்கு நிறையக் களிமண் 100 ரூபாய்க்கு வாங்கினேன். பூசுவதற்கு முன்பே டிரம்மின் அடிப்பக்கத்தில், தளத்திலிருந்து 3 செ.மீ. விட்டு, 10 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமுமாக ஒரு வாய் வெட்டிக்கொண்டேன். இந்தத் தகடு மெல்லியதாக இருந்தாலும் கடினமானது. சாதாரண வெட்டும் தட்டுகள் மூன்று தேய்ந்தன. வெட்டி எடுத்த துண்டின் ஓரத்தை அரத்தால் மழுக்கி, ஒரு போல்ட்டில் சுழலும்படி மாட்டி, அதையே வாய்க்குக் கதவாக்கினேன்.

முதல் பூச்சு தோற்றது. நான்கு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு எம்-சாண்ட் என்று பிசைந்து, 4 செ.மீ. கனத்துக்குக் கையாலேயே பூசி, சீக்கிரம் காயட்டும் என்று மே மாத வெயிலில் அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் மாலைக்குள் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகள் விழுந்தன. நான்காவது ஞாயிறு அந்த வெடிப்புகளோடே பிடிவாதமாக நெருப்பு மூட்டியதில் ஒரு பாளம் பெயர்ந்து கரியின்மேல் விழுந்தது. இந்த முறை அம்மா கொஞ்சம் கோபமாகவே, “மண்ணடுப்பை எவனாவது வெயில்ல காயவைப்பானா? நிழல்ல காயணும்டா” என்றார்.

இரண்டாவது பூச்சுக்குக் களிமண் மூன்று பங்கு, மணல் இரண்டு பங்கு, அரிசி ஆலையில் வாங்கிய உமி ஒரு பங்கு, அதோடு இரண்டு கை பசுஞ்சாணம் சேர்த்து, ஒரு நாள் முழுவதும் ஈரச்சாக்கு போட்டு மூடிப் புளிக்கவிட்டேன். பழைய பூச்சை உதிர்த்துத் தண்ணீரில் கரைத்து அதையும் சேர்த்துக்கொண்டதால் மண் போதுமானதாக இருந்தது. பதம் பார்க்க ஒரு வழி: கலவையைக் கைவிரல் கனத்துக்கு உருட்டி, விரலைச் சுற்றி வளைக்கும்போது மேலே மெல்லிய கீறல்கள் மட்டும் விழ வேண்டும். கீறலே விழாமல் வழுக்கிக்கொண்டு வளைந்தால் களி அதிகம், காயும்போது அது வெடிக்கும். உடைந்துபோனால் மணல் அதிகம். இரண்டு நடையாக, ஒவ்வொரு நடைக்கும் 2 செ.மீ. என்று பூசினேன். முதல் நடையின்மேல் விரலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்துவிட்டு, அரை ஈரத்தில் இருக்கும்போதே அடுத்த நடையைப் பூச வேண்டும். டிரம்மின் வாய் உள்நோக்கி மடிந்திருப்பதால் பூச்சு அந்த விளிம்புக்கு அடியில் நன்றாக உட்கார்ந்துகொண்டது. மாடிப்படி அறையின் நிழலில் ஈரச்சாக்கோடு மூன்று நாள், சாக்கில்லாமல் ஐந்து நாள். எட்டாம் நாள் சிரட்டை நான்கை மட்டும் எரித்து ஓர் இளஞ்சூடு, மறுநாள் ஒரு கை கரி, அதற்கு மறுநாள் முழு நெருப்பு. தலைமயிர்க் கனத்தில் மூன்று கீறல்கள் மட்டுமே விழுந்தன; சாம்பலையும் களிமண்ணையும் குழைத்துத் தேய்த்ததில் அவையும் மறைந்தன. ஐந்தாவது ஞாயிறு இந்தக் காத்திருப்பிலேயே போயிற்று. அதற்குள் அக்கினி நட்சத்திரமும் முடிந்துவிட்டது என்று மனைவி நினைவூட்டினார்.

கரி நிற்கும் தட்டின் உயரத்திலும் ஒரு தவறு செய்தேன். கட்டுமானக் கம்பியில், 8 மி.மீ. கனத்தில், வாய்க்குள் நுழையும்படி 35 செ.மீ. விட்டத்துக்கு ஒரு தட்டைப் பட்டறையிலேயே மீந்த துண்டுகளை வைத்துப் பற்றவைத்து வாங்கியிருந்தேன். அதைப் படுக்கைவாக்கில் வைத்த மூன்று செங்கல் துண்டுகளின்மேல் நிறுத்தியபோது, கரியின் மேற்பரப்புக்கும் சுடும் தட்டிக்கும் இடையே 17 செ.மீ. இருந்தது. அந்த உயரத்தில் சோளம் சுடவில்லை, வற்றியது. செங்கல் துண்டுகளைச் சாய்த்து நிறுத்தி, அடியில் ஓட்டுச் சில்லும் கொடுத்து, இடைவெளியை 12 செ.மீ. ஆக்கிய பிறகுதான் முத்துகளில் பொரிந்த புள்ளிகள் விழுந்தன. செய்பவர்கள் மண் பூசுவதற்கு முன்பே இந்த உயரத்தை முடிவு செய்துகொண்டு, பூச்சிலேயே மூன்று திண்டு வைத்துவிட்டால், செங்கல் துண்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கரியைப் பொறுத்தவரை, இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கங்களில் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரிதான் இங்கே எளிதாகக் கிடைப்பது. சில்லறையில் கிலோ 45 ரூபாய்க்கு வாங்கினேன். சாக்கில் அள்ளித் தருவதை அப்படியே வாங்காமல் இரண்டு துண்டுகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். நன்றாக வெந்த கரி கிணுங்கும். மொத்தென்று சத்தம் வந்து, உடைத்த இடத்தில் பழுப்பு தெரிந்தால் அது வேகாத கட்டை. பக்கத்து வீட்டுத் துணிகளில் ஏறிய புகை அப்படிப்பட்ட கட்டைகளிலிருந்து வந்ததுதான். பற்றவைப்பதற்குக் கற்பூரத்தை விட்டுவிட்டு, ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் டின்னின் மேலையும் கீழையும் வெட்டி, அடியோரத்தில் 10 மி.மீ. துளைகள் பன்னிரண்டு போட்டு, குறுக்கே இரண்டு கம்பி செருகிக்கொண்டேன். வெறும் டின்னை ஒருமுறை நெருப்பில் காட்டி, உள்பூச்சும் வெளி வண்ணமும் எரிந்துபோன பிறகே பயன்படுத்தினேன். கீழே தென்னம் பன்னாடையும் இரண்டு சிரட்டையும், மேலே ஒன்றேகால் கிலோ கரி. இருபது நிமிடத்தில் மேல் கரிவரை நீறு பூத்துவிடுகிறது. நீறு பூக்காத கரியில் எதையும் வைக்கக் கூடாது. அவசரப்பட்டு மேசை விசிறியைத் திருப்பி வைத்த நாளில் சாம்பல் முழுவதும் தயிர் சாதத்தில் இறங்கியது; இப்போது பனையோலை விசிறி மட்டும்தான்.

இதே ஒன்றேகால் கிலோ கரி, மண் பூசிய அடுப்பில், கதவை விரல் அகலம் மட்டும் திறந்து வைத்தால், ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றது. வெற்று டிரம்மில் இரண்டரைக் கிலோ நாற்பது நிமிடம்தான் நின்றது என்பதோடு ஒப்பிட்டால், எட்டு நாள் காயவைத்ததற்கான கூலி அங்கே கிடைத்துவிட்டது. வெளிச்சுவரில் ஈரத்துணியை வைத்துப் பார்த்தேன், சீறவில்லை. சூட்டை அளக்க உள்ளங்கையே போதும்: தட்டியின் உயரத்தில் கையை நீட்டி, கடிகார முள்ளைப் பார்த்தபடி எத்தனை வினாடி தாங்குகிறது என்று எண்ண வேண்டும். மூன்று வினாடியில் கையை இழுத்துக்கொண்டால் கத்திரிக்காய்க்கும் சோளத்துக்கும் ஏற்ற சூடு, ஐந்து வினாடி என்றால் கோழிக்கு, ஏழெட்டு வினாடி தாங்கினால் மீனுக்கு. சமையலின் வரிசையையும் இதையொட்டித்தான் அமைத்துக்கொள்கிறோம்.

முதலில் கத்திரிக்காய். 300 கிராம் எடையுள்ள பெரிய உருண்டைக் காயை முள்கரண்டியால் எட்டுப் பத்து இடங்களில் குத்தி, நல்லெண்ணெய் தடவித் தட்டியில் வைத்து, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினால் பதினெட்டு நிமிடத்தில் தோல் முழுவதும் கருகி, காம்படி அழுத்தினால் அமுங்கும். காம்படி கெட்டியாக இருக்கும்வரை எடுக்கக் கூடாது. மற்ற இடம் குழைந்தாலும் அங்கே மட்டும் வேகாமல் நின்று துவர்க்கும். எடுத்ததை ஒரு பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்தால் தோல் சட்டையைக் கழற்றுவதுபோல் வந்துவிடும். குழாயடியில் காட்டிக் கழுவினால் சுட்ட வாசனையும் தண்ணீரோடு போய்விடும் என்பதால், விரலை மட்டும் நனைத்துக்கொண்டு உரிக்கிறோம். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கெட்டித் தயிர் சேர்த்துப் பிசைந்து, மேலே பச்சை நல்லெண்ணெய் ஒரு கரண்டி. தாளிப்பதற்கென்று கீழே இறங்க வேண்டியதில்லை. சோளத்தை மடலோடு இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, மடலோடே பன்னிரண்டு நிமிடம் சுட்டு, பிறகு மடலைக் கீழே இழுத்துவிட்டு மூன்று நிமிடம் நேர் நெருப்பில் காட்டினால், முத்து வற்றாமல் மேலே பொரிகிறது. தடவுவதற்கு எலுமிச்சையும் உப்பும் மிளகாய்த்தூளும்தான். வெண்ணெய் தடவிய அன்று அது சொட்டித் தீ எழுந்தது.

கோழி கருகியதற்கு முழுத் தொடையை நேர் நெருப்பில் வைத்ததே காரணம். இப்போது கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, தொடையையும் காலையும் கரியில்லாத பக்கத்தில் வைத்து, பழைய அலுமினிய இட்லிக் கொப்பரையின் மூடியால் மூடுகிறேன். மூடி அப்பிக்கொள்ளாமல் இருக்க ஓரத்தில் ஒரு கூழாங்கல்லைக் கொடுத்தால் புகை வெளியேறும். பாதிக் கதவு திறந்து, மூடியோடு இருபத்தைந்து நிமிடம். பிறகு மூடியை எடுத்துவிட்டுக் கரிக்கு நேர்மேலே பக்கத்துக்கு இரண்டு நிமிடம். வெந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்து ஏமாந்ததால், 350 ரூபாய்க்கு ஓர் ஊசி வெப்பமானி வாங்கினேன். எலும்பைத் தொடாமல் சதையின் கனமான இடத்தில் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். ஒரு கிலோவுக்கு 100 கிராம் கெட்டித் தயிர், இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, காஷ்மீரி மிளகாய்த்தூள், மிளகு, எலுமிச்சை, உப்பு. சர்க்கரையோ தேனோ சேர்ப்பதில்லை; அவைதான் முதலில் கருகுபவை. தட்டியில் வைக்கும் முன் அதிகப்படி மசாலாவை வழித்துவிட வேண்டும். இந்த வெயிலில் மசாலா தடவிய கோழியை வெளியே ஊறவைக்க முடியாது. கரி நீறு பூத்த பிறகே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மாடிக்கு ஏற்றுகிறோம்.

மீன் வாங்குவதில் கோடைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், சங்கராவும் வஞ்சிரமும் சந்தைக்குக் குறைவாகவே வந்து, வந்ததும் விலை எகிறிவிடுகிறது. ஆகவே அணை மீனுக்குத் திரும்பினோம்: 350 கிராம் எடையில் இரண்டு ஜிலேபிக் கெண்டை. முதலில் நேராகத் தட்டியில் வைத்ததில் தோல் கம்பியோடும் சதை கரியோடும் போனது. வாழையிலைதான் காப்பாற்றியது. இலையின் நடு நரம்பைச் சீவி, கரியின்மேல் இரண்டு பக்கமும் காட்டி வாட்டிக்கொள்ள வேண்டும். பச்சை நிறம் அடர்ந்து, மெழுகு மினுங்கி, இலை துணிபோல் துவளும்போது எடுத்துவிடலாம். வாட்டாத இலை மடித்த இடத்திலெல்லாம் கிழியும். மீனின் இருபுறமும் மூன்று கீறல் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, மஞ்சள்தூள், உப்பு, ஒரு கரண்டி கெட்டிப் புளி, நல்லெண்ணெய் சேர்த்து அரைத்த விழுதைத் தடவி, கறிவேப்பிலை தூவி, இரண்டு சுற்று இலையில் பொதிந்து, தண்ணீரில் ஊறிய வாழை நாரால் கட்டினேன். ஏழு வினாடிச் சூட்டில் பக்கத்துக்கு ஒன்பது நிமிடம். வெளியிலை கருகி, உள்ளிலை பச்சையாகவே இருந்தது. பிரித்தபோது வந்த ஆவிக்கு வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

கடைசியாக, எல்லாம் முடிந்து கரி சாம்பலுக்குள் ஒளிந்துகொண்ட பிறகு, தட்டியை எடுத்துவிட்டு இரண்டு கிளிமூக்கு மாங்காயைக் கரியின்மேலேயே உருட்டிவிடுகிறேன். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் இருபது நிமிடத்தில் அவை தோல் கருகிக் குழைந்துவிடும். சதையை வழித்து, 100 கிராம் வெல்லம், அரை லிட்டர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் கரைத்து, வடிகட்டிக் குளிரவைத்தால் திங்கட்கிழமை காலைக்குப் பானகம். இத்தனை பாடுகளில் இது ஒன்றுதான் முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

செலவுக் கணக்கு: டிரம் 450, தட்டி 850, களிமண்ணும் உமியும் 150, கட்டிங் மெஷின் வாடகை 200, வெட்டும் தட்டுகள் 120, ஊசி வெப்பமானி 350. ஆக 2,120 ரூபாய். வீணான மெஷ்ஷையும் சேர்த்தால் 2,300. கரிச் செலவு ஒரு மாலைக்கு 60 ரூபாய்க்குள் அடங்குகிறது. வெடித்த தட்டோட்டை இன்னும் மாற்றவில்லை. மழைக்காலத்துக்கு முன் மாற்றியாக வேண்டும்.

அடுத்த அடுப்பில் மாற்ற வேண்டியவை சில உண்டு. தட்டியை ஒரே வட்டமாகச் செய்தது தவறு: நடுவில் கரி சேர்க்க வேண்டும் என்றால் சுட்டுக்கொண்டிருக்கும் அனைத்தோடும் தட்டியைத் தூக்க வேண்டியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு கீல் வைத்துத் திறக்கும்படி செய்யச் சொல்லியிருக்கலாம்; பட்டறைக்காரர் இருநூறு ரூபாயில் இப்போதே செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். மண் பூச்சோடு அடுப்பு 36 கிலோ வருகிறது. கோடைமழை திடீரென்று வந்த ஒரு மாலை, கனன்றுகொண்டிருந்த அடுப்பை மாடிப்படி அறைக்குள் இழுத்துவிடலாம் என்று நானும் மகனும் கை வைத்தோம். தூக்க முடியாமல் போனது நல்லதாயிற்று. மூடிய அறைக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அடுப்பின் வாய்க்கதவை அடைத்து, மேலே கொப்பரை மூடியைக் கவிழ்த்துவிட்டு, அடுப்பை மழையிலேயே விட்டு வந்தோம். மூடிக்கு வெளியே நனைந்த விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு ஊறி உப்பியிருக்கிறது. எடுத்து வைத்த களிமண் ஒரு வாளி மீதமிருப்பதால், அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு, உமி கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து, நேற்று மாலை மறுபடி பூசியிருக்கிறேன். நிழலில்தான் காய்கிறது.